கட்டியின் அளவும் ஸ்கேன் முடிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் நம்மவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் மில்லிமீட்டரைச் சுற்றியே வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் படத்தையும் உங்கள் உடல்நிலையையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

எவ்வளவு பெரிய கட்டி இருந்தா ஸ்கேன்ல தெரியும்?

கருவிக்குக் கருவி, உறுப்புக்கு உறுப்பு இது மாறும். மார்பு எக்ஸ்ரேயில் 1 செ.மீ.க்குக் குறைந்த புள்ளி எளிதில் தவறிப்போகும். இதயத்துக்குப் பின்னாலோ கழுத்தெலும்புக்கு அடியிலோ இருந்தால் அதைவிடப் பெரியதும் மறைந்துகொள்ளும். அதே நுரையீரலை 1 மி.மீ. தடிமனுள்ள குறுக்குவெட்டுப் படங்களாக சிடி ஸ்கேன் எடுத்தால் 2, 3 மி.மீ. புள்ளிகூடத் தெரியும். சுற்றிலும் காற்று இருப்பதால் சதை தனியாகத் துலங்குகிறது. கல்லீரலிலும் கணையத்திலும் அந்த வசதி இல்லை. அங்கே கட்டியின் நிறமும் சுற்றியுள்ள திசுவின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம், 1 செ.மீ. கட்டிகூடச் சாய ஊசி (படத்தில் வேறுபாட்டைத் துலக்கிக் காட்டும் மருந்து) போட்ட பிறகுதான் தெரியும், சில சமயம் அப்போதும் தெரியாது. கணையத்தில் 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளை சிடி தவறவிடுவதுண்டு. அங்கே கட்டியைவிட, அது அடைத்ததால் வீங்கிய கணைய நாளம்தான் முதலில் கண்ணில் படும். சந்தேகம் நீடித்தால் உணவுக்குழாய் வழியே உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு அங்கே கூடுதலாகக் காட்டும்.

அல்ட்ராசவுண்டில் ஆழம்தான் பிரச்சினை. தைராய்டு தோலுக்குக் கீழேயே இருப்பதால் 12 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் கொண்ட கருவியால் 2, 3 மி.மீ. முடிச்சையும் பார்த்துவிடலாம். வயிற்றுக்குள் பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும். ஆழம் கிடைக்கும், நுணுக்கம் குறையும். கொழுப்புக் கல்லீரலும் பருத்த வயிறும் சேர்ந்தால் இன்னும் மங்கும்.

ரிப்போர்ட்ல "5 மி.மீ. ஸ்லைஸ்"னு போட்டிருக்கு. அதுக்கும் கட்டியோட அளவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. சிடி படம் உடலைக் குறுக்கே வெட்டிய வெட்டுகளால் ஆனது. வெட்டு 5 மி.மீ. தடிமனாகவும் உள்ளே இருக்கும் புள்ளி 3 மி.மீ. ஆகவும் இருந்தால், புள்ளியின் அடர்த்தியும் அதைச் சுற்றியுள்ளதன் அடர்த்தியும் சேர்ந்து ஒரே சராசரி எண்ணாகப் பதிவாகும். நுரையீரலில் கெட்டியான புள்ளி மங்கலாகத் தெரிவதும், உள்ளே இருக்கும் சுண்ணாம்புப் படிவு காணாமல் போவதும் இதனால்தான். சுண்ணாம்புப் படிவு தெரிந்திருந்தால் பழைய தழும்பு என்று அன்றே விட்டிருப்பார்கள்.

சிறுநீரகம் இதற்கு நல்ல உதாரணம். வெறும் நீர்க்கட்டி என்றால் சாய ஊசிக்கு முன்னும் பின்னும் அதன் அடர்த்தி மாறக் கூடாது. ஆனால் 1 செ.மீ. அளவுள்ள சிறிய நீர்க்கட்டி, சுற்றிலும் சாயம் ஏறிய சிறுநீரகத் திசு இருப்பதால், 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) மேல் ஏறியதுபோல் பொய்யாகக் காட்டும். ரத்த ஓட்டம் உள்ள கட்டியோ என்ற சந்தேகம் அப்போது வருகிறது. எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தடித்த வெட்டுகளாகத் தரப்பட்ட சிடியையும், மூலத் தரவு இன்னும் கணினியில் இருந்தால், மறுபடி ஊசி போடாமலே மெல்லிய வெட்டுகளாக மாற்றிப் பார்க்கலாம். மூலத் தரவை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். கேட்பதானால் சீக்கிரம் கேளுங்கள்.

"சிறியதாக இருப்பதால் வகைப்படுத்த இயலவில்லை"ன்னு எழுதியிருக்காங்க. ஸ்கேன் சரியா எடுக்கலையா?

சரியாகத்தான் எடுத்திருப்பார்கள். ஏதோ இருக்கிறது என்று காண்பது ஒரு வேலை, அது இன்னது என்று சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு அதிக அளவு தேவை. விளிம்பு வழவழப்பா முள்முள்ளாகவா, உள்ளே கொழுப்பா நீரா, சாயம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதையெல்லாம் 4 மி.மீ. புள்ளிக்குள் தேட இடமே இல்லை. இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் பலர். உண்மையில் வேறு நோய் இல்லாதவருக்குக் கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ இப்படித் தென்படும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்ற நீர்க்கட்டிகளே. ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்கு அதே வாக்கியத்தின் எடை வேறு. அவருக்குப் பழைய படத்தில் அந்தப் புள்ளி இருந்ததா என்பதே முதல் கேள்வி.

அப்பாவுக்கு நுரையீரல்ல 5 மி.மீ. புள்ளி. டாக்டர் ஒண்ணும் செய்ய வேணாம்கிறார். எப்படி அவ்வளவு தைரியமா சொல்றாங்க?

இந்த முடிவுக்கு, மார்பு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டியைப் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். 6 மி.மீ.க்குக் குறைந்த கெட்டியான ஒற்றைப் புள்ளி, புகைப்பழக்கம் போன்ற கூடுதல் ஆபத்து இல்லாதவருக்கு என்றால் தொடர் ஸ்கேன் தேவையில்லை. ஆபத்து உள்ளவருக்கு 12 மாதம் கழித்து ஒரு முறை பார்க்கலாம். 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில் மறுபடி சிடி. 8 மி.மீ.க்கு மேல் போனால் மூன்று மாதத்தில் சிடி, பெட் சிடி (கதிரியக்கச் சர்க்கரையை ஊசியாகப் போட்டு எடுக்கும் ஸ்கேன்), பயாப்ஸி (திசு எடுத்துப் பரிசோதிப்பது) ஆகியவற்றில் ஒன்றைப் பற்றி யோசிப்பார்கள். அந்த 5 மி.மீ. புள்ளிக்கு ஊசி போட்டுத் திசு எடுப்பதில், நுரையீரல் காற்றுப்போகும் ஆபத்து புள்ளி புற்றாக இருக்கும் வாய்ப்பைவிடப் பெரியது. ஊசி புள்ளியைத் தவறவிடவும் கூடும்.

இந்த எல்லைகள் 35 வயதுக்கு மேற்பட்ட, முன்பு புற்றுநோய் வராத, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாதவர்களுக்கு மட்டுமே. உறுப்பு மாற்றிக்கொண்டவருக்கோ கீமோ எடுப்பவருக்கோ இந்த எண்களைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

"கிரவுண்ட் கிளாஸ்" என்று எழுதப்படும் மங்கலான புகைபோன்ற புள்ளிக்கு வேறு கணக்கு. கிழக்காசியாவில் புகைக்காத பெண்களிடமும் காணப்படும் ஒருவகை நுரையீரல் புற்று இப்படித்தான் மெல்லத் தொடங்கும். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஒரு முறை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என ஐந்தாண்டு வரை பார்க்கச் சொல்வார்கள். "ரெண்டு வருஷம் மாறலையே, போதாதா" என்ற கேள்வி கெட்டியான புள்ளிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

6 மி.மீ. இருந்தது இப்ப 7 ஆயிடுச்சு. வளருதுதானே?

அவசரப்பட வேண்டாம். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் அளந்தாலே ஒன்றிரண்டு மி.மீ. மாறும். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தார் என்பதும் அளவை மாற்றும். அதனால் நுரையீரல் புள்ளியில் 2 மி.மீ. மாற்றத்தைத்தான் உண்மையான வளர்ச்சியாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

இன்னொரு பக்கம், விட்டம் கொஞ்சம் கூடினாலே கன அளவு நிறையக் கூடிவிடும். விட்டம் 26 சதவீதம் ஏறினால் கன அளவு இரட்டிப்பு: 6 மி.மீ. 7.6 ஆனாலோ 10 மி.மீ. 12.6 ஆனாலோ உள்ளே இருப்பது இரண்டு மடங்கு. ஆகவே சிறிய கட்டியில் இரட்டிப்பு வளர்ச்சிகூட அளவுப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வது அந்தப் பிழையைத் தாண்டி மாற்றம் தெரிவதற்காகத்தான். கெட்டியான நுரையீரல் புற்றுகள் இரட்டிப்பாக ஏறத்தாழ 100 முதல் 400 நாள் எடுக்கும். மூன்றே வாரத்தில் இரட்டித்த புள்ளி புற்றைவிடத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கன அளவைக் கணக்கிடும் மென்பொருள் இருந்தால் அதையும் பயன்படுத்துவார்கள், ஆனால் இரண்டு ஸ்கேனும் ஒரே தடிமனில் எடுத்தவையாக இருக்க வேண்டும்.

சென்னையில எடுத்ததுல 14 மி.மீ., இங்க 11. எதை நம்புறது?

எண்களை நேராகக் கழித்து "குறைந்துவிட்டது" என்று மகிழ வேண்டாம். இரண்டு படத்தையும் ஒரே மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கட்டும். ஒருவர் நீளமான விட்டத்தை எழுதியிருப்பார், மற்றவர் நீளம், அகலம் இரண்டின் சராசரியை எழுதியிருப்பார். 14-க்கு 8 என்ற முட்டை வடிவப் புள்ளிக்கு இரண்டுமே சரியான விடை, 14-ம் 11-ம். ஒன்று தடித்த வெட்டு, மற்றது மெல்லிய வெட்டு என்றாலும் இப்படி வரும்.

இதற்கு உங்களால் ஆகும் உதவி ஒன்று உண்டு. ஊரிலிருந்து வரும்போது அச்சிட்ட பிலிமை மட்டும் கொண்டுவராதீர்கள். டைகாம் வடிவத்தில் (ஸ்கேன் படங்களுக்கான கணினிக் கோப்பு) குறுந்தட்டிலோ யுஎஸ்பியிலோ முழுத் தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும், மறுபடி அளக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ அதைவிட மோசம்.

பெட் ஸ்கேன் எடுத்தா ஒரேயடியா சந்தேகம் தீர்ந்துடுமே?

அளவு போதுமானதாக இருந்தால் உதவும். பெட் கருவியின் பிரித்தறியும் திறன் 4 முதல் 6 மி.மீ. வரை. அந்த அளவின் இரண்டு மூன்று மடங்கைவிடச் சிறிய கட்டியில், உள்ளே ஏறிய கதிரியக்கச் சர்க்கரை சுற்றிலும் பரவியதுபோல் பதிவாகி, எஸ்யுவி எண் (சர்க்கரை எவ்வளவு ஏறியது என்பதன் அளவு) உண்மையைவிடக் குறைவாக வரும். அதனால் 8 மி.மீ.க்குக் குறைந்த நுரையீரல் புள்ளியில் "பெட் ஒளிரவில்லை" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. நுரையீரலின் அடிப்பகுதியில் இருந்தால் இன்னும் சிக்கல்: படம் எடுக்கும் சில நிமிடங்களும் மூச்சோடு புள்ளி மேலும் கீழும் ஆடி மங்கிவிடும். மேலே சொன்ன கிரவுண்ட் கிளாஸ் புள்ளி பெரிதாக இருந்தாலும் சர்க்கரையை அதிகம் எடுக்காது.

எடுப்பதென்று முடிவானால் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், தே ஓ கோசோங்கும் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) வேண்டாம். முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 11 மில்லிமோலுக்கு, அதாவது ஊர்க் கணக்கில் 200-க்கு, மேல் இருந்தால் வேறு நாள் தரக்கூடும். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்து அங்குள்ள சிறிய கட்டியை மறைக்கும். அதை நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பெட்ல பளிச்சுன்னு தெரியுது. அப்ப புற்றுநோய்தானே?

இல்லை. காசநோய் இன்னும் முற்றாக ஒழியாத ஊர் இது. காசநோய்த் திரளும் புற்றைப்போலவே ஒளிரும். சார்காய்டு என்ற அழற்சி நோய், பூஞ்சைத் தொற்று, அண்மையில் போட்ட தடுப்பூசியால் வீங்கிய அக்குள் நிணநீர் முடிச்சு எல்லாமே ஒளிரும். நல்ல அளவுள்ள புள்ளி ஒளிர்ந்தால் பயாப்ஸி எங்கிருந்து எடுப்பது என்று தெரியும், என்ன நோய் என்று தெரியாது.

எனக்கு ஹெபடைடிஸ் பி. கல்லீரல்ல 9 மி.மீ. ஏதோ இருக்காம். மூணு மாசம் காத்திருக்கச் சொல்றாங்க. பயமா இருக்கு.

பயம் நியாயமானதே. பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி என்பது 1987-இல் இங்கே வருவதற்கு முன் பிறந்தவர்களிடமும், வேறு நாட்டில் பிறந்து வந்தவர்களிடமும் இந்த நோய்க்கிருமி அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கல்லீரல் புற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: சாயம் தமனிக் கட்டத்தில் (தமனிகளில் சாயம் ஓடும் தொடக்க நேரம்) வேகமாக ஏறி, பிந்தைய கட்டத்தில் சுற்றுத் திசுவைவிட மங்கிவிடும். இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் பயாப்ஸி இல்லாமலே நோய் என்று முடிவு செய்யலாம். ஆனால் கல்லீரல் படங்களை வகைப்படுத்தும் எல்ஐ-ராட்ஸ் முறையில் 10 மி.மீ.க்குக் கீழே அந்த உறுதியான முடிவுக்கு இடமில்லை. அந்த அளவில் வேகமாகச் சாயம் ஏறும் புள்ளிகளில் ரத்த ஓட்டக் கோளாறுகளும், நொடியில் நிரம்பும் சிறிய ஹிமாஞ்சியோமாவும் (தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி) கலந்திருக்கின்றன. பெரிய ஹிமாஞ்சியோமா என்றால் ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக நிரம்பித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சிறியதற்கு அந்த அடையாளம் இருக்காது. ஆசிய பசிபிக் வழிகாட்டி ஒன்று அளவு எல்லை வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் பேசினால் ஒருவர் தவறு என்று பொருளல்ல. காத்திருக்கும் மூன்று மாதத்தையும் தேதி குறித்த ஸ்கேனோடு காத்திருங்கள்.

தைராய்டுல 1.2 செ.மீ. கட்டி எனக்கு, ஊசி போடணும்கிறாங்க. அக்காவுக்கு 2 செ.மீ., அவங்களுக்கு வேணாமாம். தலைகீழா இருக்கே?

தைராய்டில் முதலில் பார்ப்பது தோற்றம், அதற்குப் பிறகுதான் அளவு. 2017-இல் வந்த, அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் (ஏசிஆர்) டிஐ-ராட்ஸ் முறையில் அல்ட்ராசவுண்டைப் பார்த்துக் கட்டியின் கருமை, விளிம்பு, அகலத்தைவிட உயரமாக நிற்கிறதா, நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்று மதிப்பெண் போடுவார்கள். மிகச் சந்தேகமான ஐந்தாம் வகை என்றால் 1 செ.மீ.யிலேயே ஊசி (அணுக்களை எடுத்துப் பரிசோதிக்க), நான்காம் வகைக்கு 1.5, மூன்றாம் வகைக்கு 2.5 செ.மீ. அக்காவின் கட்டி மூன்றாம் வகையாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் 2 செ.மீ.க்கு ஊசி தேவைப்படாது.

மேமோகிராம் நார்மல்னு வந்துச்சு. ஆனா கையில கட்டி தட்டுப்படுதே?

கையில் தட்டுப்படும் கட்டியை நார்மல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தள்ளுபடி செய்யாது. பலதுறை மருந்தகத்தில் உடனே காட்டுங்கள், அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டும். மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் படம் முழுக்க வெள்ளையாகி 2 செ.மீ. கட்டிகூட அதில் மறையும். பால் சுரப்பிகளில் தோன்றும் லோபியூலர் வகைப் புற்று உருண்டையாகத் திரளாமல் வரிவரியாகப் பரவுவதால், இருந்தும் தெரியாது, தெரிந்தாலும் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். அங்கே எம்ஆர்ஐ அளவு உண்மைக்கு நெருக்கமாக வரும்.

எதிர்ப்புறமும் உண்டு: அரை மி.மீ.க்கும் சிறிய சுண்ணாம்புத் துகள்களை மேமோகிராம் காட்டிவிடும். கட்டியாகத் திரளாத ஆரம்பப் புற்று அந்தத் துகள்களால்தான் அகப்படுகிறது. 40 முதல் 49 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை, 50 முதல் 69 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற இங்குள்ள பரிசோதனைத் திட்டம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. கட்டி தெரிந்தவர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

நிணநீர் முடிச்சு 8 மி.மீ., அதனால நார்மல்னு சொல்றாங்க. நிச்சயமா?

"பெரிதாகவில்லை" என்பதே அதன் சரியான பொருள். முடிச்சின் குறுகலான விட்டத்தை அளந்து 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அளவு மாறாமலே உள்ளே புற்றணுக்கள் தங்கியிருக்கலாம். எந்த ஸ்கேனும் அந்த நுண்ணிய தொகுதிகளைக் காட்டாது. 15 மி.மீ. முடிச்சு வெறும் சளி, காய்ச்சலின் விளைவாகவும் இருக்கலாம். மார்பகப் புற்றில் ஸ்கேன் நார்மலாக இருந்தும் அக்குள் முடிச்சை அறுவையின்போது எடுத்துப் பரிசோதிப்பது இதனால்தான்.

பெரிய கட்டின்னா தப்பே வராதுதானே?

இருப்பது தெரியும், என்னவென்று தெரிவதில் வேறு சிக்கல்கள் தொடங்கும். வயிற்றில் 15 செ.மீ. கட்டி என்றால் அது சிறுநீரகத்தில் பிறந்ததா, அதன் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலா, கல்லீரலிலா, பின்புறக் கொழுப்பிலா என்பதே முதல் குழப்பம். எந்த உறுப்பின் விளிம்பு கட்டியைக் கவ்வுவதுபோல் வளைகிறது, ரத்தக்குழாய் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்ப்பார்கள். பக்கத்து உறுப்பைத் தள்ளுகிறதா, அதற்குள் நுழைந்துவிட்டதா என்பதும் கட்டி பெரிதாகப் பெரிதாகச் சொல்லக் கடினம். இடுப்புக்குழியிலிருந்து தொப்புளுக்கு மேலே வந்த சூலகக் கட்டி அல்ட்ராசவுண்டின் ஒரே திரையில் அடங்காது, அதற்கு எம்ஆர்ஐ.

பெரிய கட்டியின் நடுப்பகுதி ரத்தம் போகாமல் செத்துப்போயிருக்கும். பெட்டில் நடு இருண்டு ஓரம் மட்டும் ஒளிரும். நடுவிலிருந்து ஊசி எடுத்தால் செத்த திசுதான் வரும், "புற்று இல்லை" என்று தவறான ஆறுதல் கிடைக்கும். ஒரே கட்டியின் ஒரு பகுதி சாதுவாகவும் மற்றது தீவிரமாகவும் இருக்கக்கூடிய சார்கோமாவில் (தசை, கொழுப்பு, எலும்பு போன்றவற்றில் தோன்றும் புற்று) இது இன்னும் முக்கியம்; எந்த இடத்தில் ஊசி என்பதை ஸ்கேனைப் பார்த்தே குறிப்பார்கள்.

ஸ்கேன்ல 2.4 செ.மீ., ஆபரேஷனுக்கு அப்புறம் ரிப்போர்ட்ல 1.9. யாரோ தப்பா அளந்துட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. எடுத்த திசுவில் ரத்தம் வடிந்துவிடும், நுரையீரலில் காற்று இறங்கிவிடும், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் கொஞ்சம் சுருங்கும். ஸ்கேன் கட்டியைச் சுற்றிய வீக்கத்தையும் சேர்த்து அளந்திருக்கலாம். கிரவுண்ட் கிளாஸ் வகையில், கட்டியின் நிலையை (ஸ்டேஜ்) குறிக்கக் கெட்டியான பகுதியின் அளவை மட்டுமே எடுப்பார்கள். அதனால் ஒரே ரிப்போர்ட்டில்கூட இரண்டு எண்கள் இருக்கலாம். அறுவைக்குப் பிறகு நிலையைத் தீர்மானிப்பது திசுப் பரிசோதனையின் அளவுதான்.

மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, அளவு குறையலை. மருந்து வேலை செய்யலையா?

பல இடங்களில், சிகிச்சையின் பலனை அளக்கும் ரெசிஸ்ட் 1.1 கணக்கின்படி பார்ப்பார்கள்: தேர்ந்தெடுத்த கட்டிகளின் விட்டக் கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் பலன், 20 சதவீதமும் குறைந்தது 5 மி.மீ.யும் கூடினால் வளர்ச்சி, இடைப்பட்டதெல்லாம் "நிலையாக உள்ளது". 10 மி.மீ.க்குக் குறைந்த கட்டியை இந்தக் கூட்டலில் சேர்ப்பதே இல்லை. 6 மி.மீ. 7 ஆனதற்குச் சொன்ன அளவுப் பிழைதான் காரணம்.

அளவு எல்லா மருந்துக்கும் நல்ல சாட்சி அல்ல. இமாட்டினிப் மருந்து கொடுக்கும்போது, இரைப்பையிலோ குடலிலோ வரும் ஜிஸ்ட் கட்டி அளவு குறையாமல் உள்ளே நீர்த்துப்போய் அடர்த்தி குறையும். இம்யூனோதெரபியில் (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) நோய் எதிர்ப்பு அணுக்கள் உள்ளே குவிந்து முதலில் பெரிதானதுபோல் காட்டிப் பிறகு சுருங்குவதும் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் 4 முதல் 8 வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுத்து உறுதிசெய்வார்கள்.

அடுத்த ஸ்கேனுக்குப் போறப்ப நாங்க எதைக் கவனிக்கணும்?

முடிந்தவரை முன்பு எடுத்த அதே இடத்தில், அதே வகை ஸ்கேனை எடுங்கள். அரசு மருத்துவமனைகளின் ரிப்போர்ட்டைத் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் மருத்துவர் பார்க்கலாம். தனியார் மருந்தகத்திலோ வெளிநாட்டிலோ எடுத்ததும் அதில் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய காசநோய், அறுவை, அண்மைக் காய்ச்சல், தடுப்பூசி போட்ட தேதி, எந்தக் கை என்பதையெல்லாம் படிவத்தில் எழுதுங்கள். சாய ஊசிக்கு முன் சிறுநீரக ரத்தப் பரிசோதனை, ஒவ்வாமை, மெட்ஃபார்மின் பற்றிக் கேட்பார்கள்.

கல்லீரல் எம்ஆர்ஐயில் 10 முதல் 20 நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். தமனிக் கட்டம் ஊசி போட்டு அரை நிமிடம் ஒட்டி ஒரு முறைதான் வரும். அப்போது மூச்சு விட்டால் 1 செ.மீ. கட்டி கலங்கிப்போகும், இன்னொரு ஊசி இல்லாமல் திரும்ப எடுக்க முடியாது. "மூச்சை இழுங்க, பிடிங்க" என்ற கட்டளை பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒலிக்கும். ஆங்கிலமோ காதோ சரிவராத பெரியவர் என்றால் உள்ளே போகும் முன்பே ஊழியரிடம் சொல்லி, கையைத் தட்டினால் பிடிக்க வேண்டும் என்பது போன்ற சைகையை ஏற்பாடு செய்து, வீட்டிலேயே நாலைந்து முறை பழக்கிவிட்டு அழைத்துப் போங்கள்.